நான்கு எண்கள், ஒரே வினாப்பட்டியல்: மறுசோதனை நம்பகத்தன்மைக்கு எந்தக் கணக்கு?

கேள்வி: தூக்கச் சிக்கலை அளக்க 20 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை என் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. மதிப்பெண் கூடினால் சிக்கல் கூடுதல் என்று பொருள். 42 பேரிடம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை நிரப்பி வாங்கினேன். முதல் முறை சராசரி 31.4, திட்டவிலக்கம் 11.0. இரண்டாம் முறை சராசரி 28.6, திட்டவிலக்கம் 10.8. பியர்சன் ஒட்டுறவுக் கெழு 0.91. ஜோடி டி-சோதனையில் பி மதிப்பு (உண்மையில் நகர்வே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தெரியும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. மதிப்பெண்ணைக் குறைவு, மிதம், கடுமை என்று மூன்றாகப் பிரித்தால், இரு முறையும் வகை ஒத்துப்போவதை அளக்கும் கப்பா 0.58. மென்பொருள் கொடுத்த க்ரோன்பாக் ஆல்ஃபா 0.95. கப்பாவே போதும் என்கிறார் வழிகாட்டி. டி-சோதனையில் வேறுபாடு வந்துவிட்டதால் பட்டியல் நம்பகமில்லாதது என்கிறார் உடன் படிப்பவர். அடுத்த கட்டமாக, இதே பட்டியலைக் கொண்டு ஒரு தூக்கப் பயிற்சியின் பலனை முன்னும் பின்னும் அளக்கப் போகிறேன். ஆய்வேட்டில் எதை எழுதுவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய நான்கு எண்களும் தத்தம் அளவில் சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அவற்றில் ஒன்றுகூட இல்லை. உங்களுக்குத் தேவையானவை இரண்டு: உடன்பாட்டு வகை உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு (இனி ஐசிசி என்கிறேன்), அதோடு மதிப்பெண் அலகிலேயே சொல்லப்படும் அளவீட்டுப் பிழை. இரண்டில் ஒன்றை மட்டும்தான் எழுத இடம் இருக்கிறது என்றால் இரண்டாவதை எழுதுங்கள் என்பேன். காரணம், உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

பியர்சன் 0.91 என்பது, முதல் முறை அதிக மதிப்பெண் பெற்றவர் இரண்டாம் முறையும் அதிகம் பெற்றார், வரிசை பெரிதாகக் கலையவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. எல்லாருக்கும் இரண்டாம் முறை 10 மதிப்பெண் குறைந்திருந்தாலும் பியர்சன் அதே 0.91-தான். எல்லாருடைய மதிப்பெண்ணும் பாதியாகியிருந்தாலும் 0.91-தான். இரண்டு நெடுவரிசைகளும் ஒரே நேர்கோட்டை ஒட்டிப் போகின்றனவா என்றுதான் அது பார்க்கிறது. ஒரே எண்ணாக இருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை. மறுசோதனையில், அதாவது அதே ஆட்களை மறுபடி அளந்து அதே எண் வருகிறதா என்று பார்ப்பதில், நமக்கு வேண்டியது இரண்டாவது.

டி-சோதனை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். சராசரி நகர்ந்ததா என்று மட்டும் அது கேட்கிறது. பாதிப் பேருக்கு 15 கூடி, மீதிப் பாதிக்கு 15 குறைந்தால் சராசரி வேறுபாடு சுழி. டி-சோதனை 'வேறுபாடு இல்லை' என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட பட்டியலை யாரும் நம்பகமானது என்று சொல்ல மாட்டோம். மேலும், ஆட்கள் குறைவாக இருந்தால் பெரிய நகர்வுகூட அதன் கண்ணில் படாது; ஆட்கள் நிறைய இருந்தால் அரை மதிப்பெண் நகர்வுகூட 'குறிப்பிடத்தக்கது' ஆகிவிடும். பி மதிப்பை வைத்து நம்பகத்தன்மை உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. உடன் படிப்பவர் சொன்ன முடிவு தவறு. ஆனால் அவர் கவனித்த செய்தி முக்கியமானது: சராசரி 2.8 குறைந்திருக்கிறது. அதை மறைத்துவிடாதீர்கள்.

ஆல்ஃபா 0.95 எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடிபடுகிறது. 20 கேள்விகளுக்குப் பதிலாக, இரண்டு மொத்த மதிப்பெண் நெடுவரிசைகளை ரிலயபிலிட்டி பட்டியில் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரிபார்க்கும் வழி எளிது: 2 × 0.91 ÷ (1 + 0.91) = 0.953. இரண்டு நெடுவரிசைகளை மட்டும் கொடுத்தால், அவற்றின் திட்டவிலக்கங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது ஆல்ஃபா இந்த எண்ணாகத்தான் வரும். இது இரண்டு தடவையின் சராசரி எவ்வளவு நிலையானது என்பதற்கான எண். நீங்கள் ஒருவரை ஒரு தடவைதான் அளக்கப் போகிறீர்கள். அதனால் இது உங்கள் பட்டியலின் நம்பகத்தன்மையைக் கூட்டிக் காட்டுகிறது. 20 கேள்விகளையும் முறையாகப் போட்டு எடுக்கும் ஆல்ஃபாவோ ஒரே அமர்வில் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்வது. அதற்கும் இரண்டு வார இடைவெளிக்கும் சம்பந்தம் இல்லை. அதை ஆய்வேட்டில் தனித் தலைப்பில் எழுதுங்கள். மறுசோதனைப் பகுதியில் வேண்டாம்.

கப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த ஐந்து எண்களிலிருந்தே ஐசிசி

ஐசிசியின் கருத்து எளிமையானது. மதிப்பெண்களில் காணும் மொத்த வேரியன்ஸில், அதாவது விலக்க வர்க்கச் சராசரியில், எத்தனை பங்கு ஆளுக்கு ஆள் உண்மையிலேயே இருக்கும் வேறுபாட்டால் வந்தது, எத்தனை பங்கு பிழையால் வந்தது என்பதே கணக்கு. பிழையும் இரண்டு வகை. இரண்டாம் முறை எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் ஏறுவது அல்லது இறங்குவது ஒன்று. அதைச் சாய்வு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் தாறுமாறாக ஏறி இறங்குவது இன்னொன்று; அது தற்செயல் பிழை. வகுக்கும் இடத்தில் சாய்வையும் சேர்த்தால் அது உடன்பாட்டு வகை ஐசிசி. சாய்வை விட்டுவிட்டால் ஒத்திசைவு வகை ஐசிசி.

மூலத் தரவு இல்லாமலே, உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு சராசரி, இரண்டு திட்டவிலக்கம், ஒரு பியர்சன் ஆகியவற்றை வைத்து இதைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆட்களுக்கு இடையிலான வேரியன்ஸ் என்பது இரண்டு நெடுவரிசைகளின் இணைமாறுபாடு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு): 0.91 × 11.0 × 10.8 = 108.11.

இரண்டு முறைக்கும் இடையிலான வேறுபாட்டின் வேரியன்ஸ்: 121 + 116.64 − 2 × 108.11 = 21.42. இதன் வர்க்கமூலம் 4.63, இது பின்னால் தேவைப்படும். 21.42-இல் பாதி, 10.71, தற்செயல் பிழையின் வேரியன்ஸ். பாதி எடுப்பது ஏனென்றால், வேறுபாடு என்பது இரண்டு அளவீடுகளின் பிழையையும் சேர்த்துச் சுமக்கிறது.

சாய்வின் வேரியன்ஸ்: சராசரி வேறுபாட்டின் வர்க்கத்தில் பாதி, அதிலிருந்து தற்செயல் பிழையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கழிக்க வேண்டும். 7.84 ÷ 2 − 10.71 ÷ 42 = 3.67. இந்த விடை எதிர்க்குறியில் வந்தால் சுழி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உடன்பாட்டு வகை ஐசிசி = 108.11 ÷ (108.11 + 3.67 + 10.71) = 0.88. சாய்வை விட்டால் 108.11 ÷ (108.11 + 10.71) = 0.91. உங்கள் பியர்சனும் இதே 0.91-தான். இரண்டு திட்டவிலக்கங்களும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்போது ஒத்திசைவு வகை ஐசிசி பியர்சனோடு ஒட்டிக்கொண்டே போகும். ஐசிசி போட்டிருக்கிறோம் என்று எழுதிவிட்டு ஒத்திசைவு வகையைக் கொடுப்பவர்கள், பெயரை மாற்றிப் பியர்சனையே கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம்.

மென்பொருளில் தவறு நடப்பதும் இங்கேதான். 1979-ல் ஷ்ரவுட், ஃப்ளைஸ் என்ற ஆய்வாளர்கள் ஆறு வகை ஐசிசியை வகுத்தார்கள். 1996-ல் மெக்ரா, வாங் என்ற இருவர் அதைப் பத்தாக விரித்தார்கள். மென்பொருள் உங்களைக் கேட்காமலே அவற்றில் ஒன்றைத் தேர்ந்துவிடும். எஸ்பிஎஸ்எஸ் தானாக எடுத்துக்கொள்வது டூ-வே (இருவழி) மிக்ஸ்ட், கன்சிஸ்டன்சி (ஒத்திசைவு வகை). டைப் என்ற இடத்தில் அப்சல்யூட் அக்ரிமென்ட் (உடன்பாட்டு வகை) என்று நீங்களே மாற்ற வேண்டும். ஆர் மென்பொருளின் ஐஆர்ஆர் தொகுப்பில் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்-வே மாதிரியில் ஓடும். அங்கே டூவே, அக்ரிமென்ட், சிங்கிள் என்று மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் விடையில் சிங்கிள் மெஷர்ஸ், ஆவரேஜ் மெஷர்ஸ் என்று இரண்டு வரி வரும். உங்களுக்கு முதல் வரி. இரண்டாவதில் 0.94 என்று அழகான எண் இருக்கும். ஒவ்வொருவரையும் இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பதாக இருந்தால் மட்டுமே அது உங்களுடையது. ரேண்டமா மிக்ஸ்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்: உடன்பாட்டு வகையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். பொருள் கொள்வதில்தான் வித்தியாசம். உங்கள் இரண்டு அமர்வுகள் வேறு எந்த இரண்டு அமர்வுகளாகவும் இருந்திருக்கலாம் என்பதால் ரேண்டம் என்று எழுதுவதே பொருத்தம்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை, முதல் முறைக்கு ஒரு நெடுவரிசை, இரண்டாம் முறைக்கு ஒரு நெடுவரிசை என்று தரவு இருக்க வேண்டும். 84 வரிசையாக அடுக்கியிருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

0.88 என்பதோடு நின்றுவிடாமல் 95% நம்பிக்கை இடைவெளியையும், அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லையையும், எடுங்கள். உங்கள் எண்களுக்கு அது சுமார் 0.70 முதல் 0.95 வரை வருகிறது. இவ்வளவு அகலமா என்று தோன்றும். 42 பேர், அதோடு ஒரு சாய்வு; அதனால்தான் கீழ் எல்லை இவ்வளவு இறங்கியிருக்கிறது. கூ, லீ என்ற ஆய்வாளர்கள் 2016-ல் கொடுத்த வழிகாட்டுதலின்படி 0.5-க்குக் கீழே மோசம், 0.5 முதல் 0.75 நடுத்தரம், 0.75 முதல் 0.9 நல்லது, அதற்கு மேல் மிகச் சிறப்பு. ஆனால் அவர்கள் இந்த வரம்புகளை நம்பிக்கை இடைவெளியோடு ஒப்பிடச் சொன்னார்கள். ஒற்றை எண்ணோடு அல்ல. அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியல் 'நடுத்தரத்திலிருந்து மிகச் சிறப்பு வரை' என்றுதான் நேர்மையாக எழுத முடியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐசிசி பட்டியலின் குணம் மட்டும் அல்ல

இதைப் பெரும்பாலான ஆய்வேடுகள் தவறவிடுகின்றன. உங்கள் பட்டியலின் பிழை வேரியன்ஸ் 3.67 + 10.71, அதாவது 14.4. இந்தப் பிழை அப்படியே இருக்கட்டும். இதே பட்டியலைத் தூக்கமின்மைக்காக மருத்துவரிடம் வருபவர்களிடம் மட்டும் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். எல்லாருமே ஏறக்குறைய ஒரே அளவு அவதிப்படுபவர்கள். ஆட்களுக்கு இடையிலான திட்டவிலக்கம் 6 என்றால் வேரியன்ஸ் 36. ஐசிசி = 36 ÷ 50.4 = 0.71. மாறாக, நன்றாகத் தூங்குபவர்களையும் கடும் சிக்கல் உள்ளவர்களையும் கலந்து எடுத்தால் திட்டவிலக்கம் 15 ஆகலாம், வேரியன்ஸ் 225. ஐசிசி = 225 ÷ 239.4 = 0.94. பட்டியல் அதே, பிழை அதே. ஒரு குழுவில் நடுத்தரம், இன்னொன்றில் மிகச் சிறப்பு.

அதனால் 'இந்தப் பட்டியலின் ஐசிசி 0.88' என்று எழுதாதீர்கள். 'திட்டவிலக்கம் 11 கொண்ட இந்தக் குழுவில் 0.88' என்று எழுதுங்கள். உங்கள் 42 பேர் எப்படிப்பட்டவர்கள், பயிற்சிக்கு வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை ஒப்பிட்டு ஒரு வரி சேருங்கள். 42 பேரும் கல்லூரி மாணவர்கள், பயிற்சிக்கு வருபவர்கள் நாள்பட்ட சிக்கல் உள்ளவர்கள் என்றால், இந்த 0.88-ஐ அங்கே எடுத்துச் செல்ல முடியாது.

அளவீட்டுப் பிழை அப்படிக் குழுவுக்குக் குழு ஆடாது. ஐசிசியை விட நிலையானது. 14.4-இன் வர்க்கமூலம் 3.79. இதுதான் அளவீட்டின் திட்டப்பிழை, 80-க்கு 3.79 மதிப்பெண். ஒருவர் பட்டியலில் 30 வாங்கினால் அவருடைய உண்மையான நிலை 30-க்கு இரு பக்கமும் ஏழெட்டு மதிப்பெண் வரை தள்ளி இருக்கக்கூடும் என்று இதற்குப் பொருள். இரண்டு அளவீடுகளை ஒப்பிடும்போது பிழையின் வேரியன்ஸ் இரண்டு மடங்காகச் சேர்வதால், 1.96 × √2 × 3.79 = 10.5. இதைக் கண்டறியத்தக்க மிகச்சிறு மாற்றம் என்பார்கள். ஒரு தனி ஆளின் மதிப்பெண் ஏறியதோ இறங்கியதோ 10 அல்லது அதற்குக் குறைவு என்றால், அது உண்மையான மாற்றமா வெறும் பிழையா என்று உங்களால் சொல்ல முடியாது.

பிளாண்ட்–ஆல்ட்மன் படம்: கட்டாயம் வரையுங்கள்

1986-ல் லான்செட் இதழில் பிளாண்டும் ஆல்ட்மனும் விளக்கிய படம் இது. வரைய ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு மதிப்பெண்ணின் சராசரியைக் கிடை அச்சிலும், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்த வேறுபாட்டைச் செங்குத்து அச்சிலும் வைத்து ஒரு புள்ளி போடுங்கள். கிடை அச்சில் முதல் மதிப்பெண்ணை வைக்கக் கூடாது. வைத்தால் இல்லாத சரிவு ஒன்று படத்தில் தெரியும். முதல் முறை தற்செயலாக அதிகம் பெற்றவர் அடுத்த முறை இறங்குவது இயல்பு என்பதால் வரும் பொய்ச் சரிவு அது.

படத்தில் மூன்று கிடைக்கோடுகள். நடுக்கோடு சராசரி வேறுபாடு, −2.8. மற்ற இரண்டும் −2.8 ± 1.96 × 4.63, அதாவது −11.9, +6.3. இவை உடன்பாட்டு எல்லைகள். ஒன்றும் செய்யாமலேயே 100 பேரில் ஏறத்தாழ 95 பேரின் மதிப்பெண் இந்த எல்லைக்குள் ஏறி இறங்கும்.

பிறகு புள்ளிகளை உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் குறுகி வலப்பக்கம் விரிந்து புனல் போல இருந்தால், மதிப்பெண் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. அப்போது எல்லாருக்கும் ஒரே 3.79 என்று சொல்வது பொய்யாகிவிடும். மடக்கை எடுத்துக் கணக்கிடலாம். ஆனால் சுழி மதிப்பெண் இருந்தால் மடக்கை எடுக்க முடியாது. குறைந்த, நடுத்தர, அதிக மதிப்பெண்காரர்களுக்குத் தனித்தனியாகப் பிழையைச் சொல்வது எளிய வழி. இடது ஓரத்தில் புள்ளிகள் கோட்டில் போட்டது போல் ஒடுங்கிக் கிடந்தால், நிறையப் பேர் 0-க்கு அருகில் முட்டி நிற்கிறார்கள். அவர்கள் மாறுவதற்கு இடமே இல்லாததால் உங்கள் பிழை குறைவாகத் தெரிகிறது. ஒரே ஒரு புள்ளி எங்கேயோ தனியாக நின்றால், அந்த ஆளின் தாள்களை எடுத்துப் பாருங்கள். மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டிய கேள்வியை ஒரு முறை மறந்திருப்பீர்கள், அல்லது வேறொருவருடைய தாள் மாறி வந்திருக்கும். தவறு தெரிந்தால் திருத்துங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் அந்தப் புள்ளி இருக்கட்டும். கண்ணை உறுத்துகிறது என்பதற்காக நீக்குவது பிழையை ஒளித்து வைப்பது.

அந்த 2.8-ஐப் பற்றி

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இதுதான். அடுத்த கட்டத்தில் இதே பட்டியலைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கொடுக்கப் போகிறீர்கள். ஒரு பயிற்சியும் கொடுக்காமலே, வெறும் இரண்டு வாரத்தில், சராசரி 2.8 இறங்கியிருக்கிறது. அதன் 95% இடைவெளி 1.4 முதல் 4.2 வரை. தற்செயல் பிழை ஆட்கள் கூடக் கூடச் சராசரியில் கரைந்துவிடும். 100 பேரை அளந்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும். சாய்வு கரையாது. 1,000 பேரை அளந்தாலும் அந்த 2.8 அப்படியே நிற்கும். கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் முன்–பின் ஆய்வு நடத்தினால், ஒன்றும் செய்யாத பயிற்சிகூட ஏறக்குறைய மூன்று மதிப்பெண் முன்னேற்றம் தந்ததாகக் காட்டும். பி மதிப்பும் 'குறிப்பிடத்தக்கது' என்று சாட்சி சொல்லும்.

தயவுசெய்து கட்டுப்பாட்டுக் குழுவை வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெறாதவர்களுக்கும் அதே இடைவெளியில் அதே பட்டியலைக் கொடுத்து, இரு குழுவின் மாற்றங்களை ஒப்பிடுங்கள். தனி ஆளின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், இருபக்கமும் சமமான 10.5-ஐ விட உடன்பாட்டு எல்லையின் கீழ்க்கோட்டை எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை: 12 மதிப்பெண்ணாவது இறங்கினால்தான் முன்னேறினார் என்று சொல்லுங்கள். சாய்வு முன்னேற்றத்தின் திசையிலேயே இருப்பதால் இந்தக் கண்டிப்பு தேவை.

சாய்வு ஏன் வந்தது என்பதையும் தேடுங்கள். அறிகுறிகளைக் கேட்கும் பட்டியல்களில் முதல் முறை கொஞ்சம் கூடுதலாகவும் அடுத்த முறை குறைவாகவும் குறிப்பது அடிக்கடி காணப்படுவதே. திறன் தேர்வுகளில் நேர்மாறாக, பழக்கத்தால் இரண்டாம் முறை மதிப்பெண் ஏறும். இவை தவிர மூன்று சந்தேகங்கள் உண்டு. ஆட்களை அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தீர்களா? அப்படியானால் இறக்கம் எதிர்பார்த்ததே. முதல் முறை தேர்வுக் காலம், இரண்டாம் முறை விடுமுறை என்று சூழல் மாறியதா? முதல் முறை நேரில், இரண்டாம் முறை செல்பேசியில் என்று நிரப்பும் முறை மாறியதா?

இரண்டு வாரத்தில் சிலருக்கு உண்மையிலேயே தூக்கம் மாறியிருக்கலாம். அவர்களுடைய மாற்றத்தையும் பிழையென்று எண்ணினால் பட்டியல்மீது வீண்பழி விழும். இரண்டாம் முறையின் முடிவில் 'முதல் முறை நிரப்பியதிலிருந்து உங்கள் தூக்கம் மாறியிருக்கிறதா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், மாறவில்லை என்றவர்களை மட்டும் வைத்து இன்னொரு முறை கணக்கிட்டு இரண்டு முடிவையும் தரலாம். கேட்காவிட்டால் அடுத்த சுற்றில் கேளுங்கள். இப்போதைய தரவில் உங்கள் ஊகத்தை வைத்து யாரையும் நீக்க வேண்டாம்.

வழிகாட்டி கேட்கும் கப்பா

கப்பா நல்ல அளவைதான். 1960-ல் கோஹன் கொடுத்தது. ஆம்–இல்லை, வகை அ–வகை ஆ என்று தரவே வகைகளாக இருக்கும் இடத்துக்கு உரியது. உங்கள் தரவு 0 முதல் 80 வரையான எண். அதை மூன்று பெட்டிக்குள் அடைத்தால் 39-இலிருந்து 41-க்குப் போனவரும் (வெட்டுப்புள்ளி 40 என்று வைத்துக்கொண்டால்) 21-இலிருந்து 55-க்குப் போனவரும் ஒரே தவறாக எண்ணப்படுவார்கள். திட்டப்பிழை 3.79 இருக்கும்போது வெட்டுப்புள்ளிக்கு நாலைந்து மதிப்பெண் அருகில் இருப்பவர்கள் பெட்டி தாண்டுவது சகஜம். 0.88 வந்த பட்டியலுக்கே கப்பா 0.58 வருவது இதனால்தான். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

ஆனால் வழிகாட்டியின் யோசனையைத் தூக்கிப் போட வேண்டாம். 'கடுமை' என்று வந்தவரை மருத்துவரிடம் அனுப்புவதற்குத்தான் பட்டியல் பயன்படப் போகிறது என்றால், அந்த முடிவு இரண்டு முறையும் ஒன்றாக வருகிறதா என்பது நியாயமான கேள்வி. அப்போது எடையிட்ட கப்பா போடுங்கள். குறைவு–மிதம் என்று ஒரு படி தவறுவதை விடக் குறைவு–கடுமை என்று இரண்டு படி தவறுவதற்குக் கூடுதல் தண்டனை கொடுப்பது அது. இருபடி எடை (எத்தனை படி தவறியது என்பதன் வர்க்கம்) கொடுத்தால் அது ஐசிசிக்கு ஏறக்குறையச் சமமாகிவிடும் என்று ஃப்ளைஸும் கோஹனும் 1973-லேயே காட்டியிருக்கிறார்கள். எந்த எடை என்று எழுதாமல் எடையிட்ட கப்பா என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கப்பாவில் ஒரு பொறி இருக்கிறது. 100 பேரில் 90 பேருக்கு இரண்டு முறையும் 'இல்லை', 2 பேருக்கு இரண்டு முறையும் 'ஆம்', 8 பேருக்கு மாறி வந்தது (4 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம்). ஒத்துப்போனது 92%. ஆனால் 100-க்கு 94 'இல்லை' இருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 88.7% ஒத்துப்போகும். கப்பா = (0.92 − 0.887) ÷ (1 − 0.887) = 0.29. இந்த 0.29-ஐப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், 92%-ஐப் பார்த்து மகிழவும் வேண்டாம். 'ஆம்' என்பதில் உடன்பாடு 4 ÷ 12 = 33%, 'இல்லை' என்பதில் 180 ÷ 188 = 96% என்று பிரித்துச் சொன்னால் உண்மை தெரியும்: இந்தச் சோதனை சிக்கல் இல்லாதவர்களை இரு முறையும் ஒன்றுபோலச் சொல்கிறது, சிக்கல் இருப்பவர்களை அப்படிச் சொல்லவில்லை. உங்கள் குழுவில் 'கடுமை' பெட்டியில் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் இப்படிப் பிரித்தே எழுதுங்கள்.

எடையிட்ட கப்பாவுக்கு இன்னொரு நல்ல பயன்: 20 கேள்விகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம். 0–4 என்பது படிநிலை அளவு என்பதால் அங்கே இது சரியாகப் பொருந்தும். மூன்று நான்கு கேள்விகள் மட்டும் மற்றவற்றை விட மிகக் கீழே கிடந்தால் அவற்றின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். 'சில சமயம்', 'அடிக்கடி' போன்று ஒவ்வொருவர் ஒவ்வொரு அளவில் புரிந்துகொள்ளும் சொற்கள், ஒரே வரியில் இரண்டு கேள்விகள், எந்தக் கால அளவைக் கேட்கிறோம் என்று சொல்லாதது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். 'கடந்த 7 நாட்களில்' என்று கேட்டால் இரண்டு வாரம் கழித்து முற்றிலும் வேறு வாரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் வரும் மாற்றம் பட்டியலின் பிழையாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டு வார இடைவெளி வழக்கத்தில் உள்ளதே, மாற்ற வேண்டாம். இரண்டு நாளில் கேட்டால் முன்பு குறித்தது நினைவில் இருக்கும், எண் பொய்யாக ஏறும். மூன்று மாதம் விட்டால் ஆளே மாறியிருப்பார். ஆட்களைப் பொறுத்தவரை, 50 பேருக்கு மேல் போவது நல்லது. 100 இருந்தால் நம்பிக்கை இடைவெளி கணிசமாகக் குறுகும். முதல் முறை நிரப்பி இரண்டாம் முறை வராதவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய முதல் மதிப்பெண் வந்தவர்களுடையதைப் போலத்தான் இருந்ததா என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். மிகவும் அவதிப்பட்டவர்களே வராமல் நின்றிருந்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் அதனால் ஆடிப்போகும்.

ஆய்வேட்டில் எழுத வேண்டியதை, உங்கள் எண்களை வைத்தே கீழே தருகிறேன். மூலத் தரவில் ஓட்டிப் பார்த்து, தசமங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

'42 பேர் 14 நாள் இடைவெளியில் பட்டியலை இரு முறை நிரப்பினர். இருவழி ரேண்டம், உடன்பாட்டு வகை, ஒற்றை அளவீட்டு ஐசிசி 0.88 (95% நம்பிக்கை இடைவெளி 0.70–0.95). இரண்டாம் முறை சராசரி 2.8 மதிப்பெண் குறைந்தது (95% இடைவெளி 1.4–4.2). அளவீட்டின் திட்டப்பிழை 3.8 மதிப்பெண், கண்டறியத்தக்க மிகச்சிறு மாற்றம் 10.5 மதிப்பெண். உடன்பாட்டு எல்லைகள் −11.9 முதல் +6.3 வரை. மூன்று வகைகளாகப் பிரித்தபோது எடையிடாத கப்பா 0.58.'

கடைசி வாக்கியம் வழிகாட்டி கேட்டதற்காக. அவர் சம்மதித்தால் அந்த இடத்தில் எடையிட்ட கப்பாவைப் போடுங்கள். பியர்சனையும் டி-சோதனையையும் இந்தப் பத்தியில் சேர்க்க வேண்டாம். அவை சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இதற்குள் வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் 'ஏன் பியர்சன் இல்லை?' என்று கேட்டால், 0.91-க்கும் 0.88-க்கும் நடுவே இருக்கும் அந்த 2.8 மதிப்பெண்ணைக் காட்டுங்கள்.